ஒரு சுற்றும் கால் சுற்றும்

எங்கள் அத்தை எந்தப் பொருளையும் ஒரே முகமாக நெடுநாள் இருக்க விடமாட்டாள். சமையலறை அலமாரியில் உப்பு ஜாடி இருக்கும். அதைத் தாண்டிப் போகும்போது இரண்டு விரலால் லேசாகத் திருப்பிவிடுவாள். ஜன்னலோரத் தொட்டிச் செடி, மேஜைக் கடிகாரம், குளியலறை வாளி, அப்பாவின் தையல் மெஷின் பக்கத்தில் நூல்கண்டு போட்டு வைத்திருக்கும் தகர டப்பா, எதுவும் தப்பாது. நிறையத் திருப்பமாட்டாள். கால் சுற்றுதான். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கைப்பிடி சுவரைப் பார்க்கும். அவள் அறைக்குள் வந்துபோன பிறகு அங்கே உள்ள சாமான்கள் எல்லாம் வேறு யாருக்காகவோ காத்திருப்பது போலத் தோன்றும்.

“உங்க அக்கா உள்ள வந்துட்டுப் போனாலே நம்ம வீடு நம்மகிட்ட கோவிச்சுக்கிட்ட மாதிரி இருக்குங்க” என்று அம்மா அப்பாவிடம் சொல்வாள்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருபது வருடம் இதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டேன்.

“ஏன் அத்தை எல்லாத்தையும் திருப்பித் திருப்பி வைக்கிற?”

“நான் எதைடி திருப்பினேன்?” என்றாள். ஜாடி அப்போது அவள் கையில்தான் இருந்தது.

அத்தை பதினேழு வயதில் ஒரு பெரிய கார் பட்டறையில் மண்ணெண்ணெயில் சாமான் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தவள். மெக்கானிக்குகள் கழற்றிப் போடுவார்கள், சாப்பிடப் போவார்கள், திரும்பி வந்தால் எந்த போல்ட் எந்த ஓட்டைக்கு என்று முழிப்பார்கள். அத்தை ஒரு அட்டையில் இஞ்சின் மூடியின் உருவத்தைக் கோடாகப் போட்டு, எந்தப் போல்ட் எங்கே இருந்ததோ அந்த இடத்தில் அட்டையைக் குத்திச் செருகி வைத்திருப்பாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கழுவி முடித்த கையோடு எங்கே வைப்பது என்று தெரியாமல் செய்தது என்பாள். ஒரு வருடத்தில் “அந்தப் பொண்ணைக் கூப்பிடு, அதுக்குத்தான் தெரியும்” என்று ஆனது. ஐந்து வருடத்தில் கழற்றுவது, பூட்டுவது எல்லாமே அவள் கைக்கு வந்தது. நடுவில் ஒரு கல்யாணம் நடந்து ஒன்றரை வருடத்தில் முடிந்தது. அதைப் பற்றி அவள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்: “ரெண்டும் நல்ல சாமான்தான், வேற வேற வண்டியோடது.”

அதன்பிறகு எங்களோடு வந்து தங்கி, வீட்டின் பின்பக்கம் இரண்டு கார் நிற்கிற அளவில் தகரக் கூரை போட்டு, சொந்தமாகத் தொடங்கினாள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் மட்டும். இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாக ஓடுகிற, அறுபது வருடத்துக்கு முந்தைய வண்டிகள்.

இந்த வண்டிக்காரர்களின் உலகத்தில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு, கம்பெனியிலிருந்து வரும்போது என்ன இஞ்சின் இருந்ததோ அதுதான் கடைசிவரை இருக்க வேண்டும். இஞ்சின் மேல் பொறித்த எண்ணும் வண்டியின் தகட்டில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் அது வண்டியே இல்லை. ஓடாவிட்டாலும் பரவாயில்லை, நிற்கட்டும். இன்னொரு கட்சிக்கு வண்டி என்றால் ஓட வேண்டும். பழைய இஞ்சினைத் தூக்கி எறி, சாவியைத் திருப்பினதும் உறுமுகிற புது இஞ்சினை வை. இந்த இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே மேஜையில் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

அத்தை இரண்டாம் கட்சியின் வேலையை முதல் கட்சியின் மனதோடு செய்தாள். புது இஞ்சின் வைப்பாள். ஆனால் வண்டியின் உடம்பில் ஒரு புது ஓட்டை போடமாட்டாள், ஒரு விரல் அகலம் வெட்டமாட்டாள். புது இஞ்சினைத் தாங்க இரும்புச் சட்டம் தனியாகச் செய்து, ஏற்கனவே இருக்கிற ஓட்டைகளிலேயே பூட்டுவாள். கழற்றின பழைய இஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் விட்டு, மரச் சட்டத்தில் நிறுத்தி, சொந்தக்காரர் வீட்டுக்கே அனுப்பிவிடுவாள். “வண்டி எப்ப வேணும்னாலும் பழைய வண்டி ஆகணும். அதுக்கு நான் பொறுப்பு” என்பாள். இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஆட்கள் தொலைவிலிருந்து அவளிடம் வந்தார்கள். அவள் பிழைப்பு, மரியாதை எல்லாம் அந்த வார்த்தையின் மேல்தான் நின்றது.

அப்படி எங்கள் ஊரில் பதினோரு வீடுகளில் பதினோரு இஞ்சின்கள் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு பல் டாக்டர் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே, பழைய போர்வை போர்த்தி. ஒரு ஃபோட்டோகிராஃபர் வீட்டில் படம் கழுவுகிற இருட்டறையில், சிவப்பு விளக்கடியில். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அதன் மேல் பலகை போட்டு ரேடியோ வைத்திருந்தார். தூங்குகிற இஞ்சினை அப்படியே விட்டுவிடக் கூடாது. உள்ளே ஏறி இறங்குகிற பிஸ்டன் ஒரே இடத்தில் மாதக்கணக்காக நின்றால், அதைச் சுற்றியுள்ள வளையம் துருப்பிடித்துச் சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அத்தை நீளமான ஸ்பானர் ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவதுபோல வீடு வீடாகப் போவாள். பள்ளி நாட்களில் நானும் கூடப் போவேன். சோஃபாவில் உட்கார்ந்து அவர்கள் தருகிற பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருப்பேன். உள்ளறையில் அத்தை ஸ்பானரை மாட்டி ஒரு சுற்றும் கால் சுற்றும் திருப்புவாள். அப்போது இஞ்சினுக்குள்ளிருந்து ஒரு காற்று வரும். தூங்குகிற ஆள் புரண்டு படுக்கும்போது விடுகிற மூச்சு போல இருக்கும் அது. வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அதைக் கேட்பார்கள். அப்புறம் மறுபடி பேசுவார்கள்.

எனக்கு அந்த ஞாயிறுகள் எல்லாம் ஒரே நீண்ட மதியமாகத்தான் நினைவில் இருக்கின்றன. எந்த வீடு எது என்று குழம்பிவிட்டது. மூச்சு மட்டும் தனித்தனியாக நினைவிருக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் இருந்தபோது, ஒரு பால் வேன் பாசிப்பச்சை நிறத்தில் ஒரு இரண்டு சீட்டு வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து எங்கள் பின்பக்கம் விட்டது. வண்டிக்குள் ஒரு தம்பதி. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னும் தானே ஓட்டுவதுபோல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். லென்ஸைத் தானே தேய்த்துப் பொருத்துவார். பக்கத்தில் அவர் மனைவி, குடையை விரித்துப் பிடித்திருந்தார், வண்டிக்குள்ளேயே. கூரை ஒழுகும். அன்றைக்கு மழை இல்லை. பழக்கம்.

“என்ன பண்ணுது?” என்றாள் அத்தை.

“நிக்குது” என்றார் கண்ணாடியம்மா. அப்படித்தான் அவரை எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வோம். “நிக்கிறதுல மட்டும் கெட்டிக்கார வண்டி.”

“கொஞ்சம் சூடாயிடுது மெக்கானிக்கம்மா” என்றார் கண்ணாடிக்காரர். “மேடு கீடு வந்தா.”

“எந்த மேடுன்னு சொல்லுங்க. வேகத்தடை” என்றார் கண்ணாடியம்மா.

“அன்னைக்கு வேகத்தடை கொஞ்சம் உசரம்.”

“இந்த வண்டில போயி நான் பாத்த ஊரைவிட, இந்த வண்டியை இழுத்துட்டுப் போற வண்டியோட முதுகைத்தான் அதிகமா பாத்திருக்கேன். இனிமே நான் ஏற மாட்டேன். மாத்துங்க, இல்லைன்னா இவரு தனியா போகட்டும்.”

அவர் முதல் கட்சிக்காரர். பார்த்த உடனே தெரிந்தது. இறங்கிக் கதவைச் சாத்தியவர் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். மனைவி பக்கத்தில் உட்காராத வண்டி அவருக்கு வேண்டாம். வேறு இஞ்சின் உள்ள வண்டியும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் நின்று மெதுவாகக் கேட்டார்:

“மாத்தினா... என்னைக்காவது திரும்பப் பழையபடி வைக்க முடியுமா?”

“எப்பக் கேட்டாலும் வெச்சுத் தரேன் சார். அதே இஞ்சின், அதே போல்ட், அதே சத்தம்.”

“அதே சத்தமா?”

“அதேதான்.”

இரண்டு மாதத்தில் புது இஞ்சின் ஏறியது. பழையது, ஆறு சிலிண்டர், கண்ணாடிக் கடையின் பின்னறைக்குப் போனது. எழுத்துகள் மேலிருந்து கீழாகச் சிறுத்துக்கொண்டே போகிற அந்தப் பார்வைப் பரிசோதனை அட்டைக்கு நேர் எதிரில் அதை நிறுத்தினார்கள். கடை ஊரின் மறுகோடி. அத்தைக்கு அப்போது முழங்கால் வலி தொடங்கியிருந்தது.

“நீங்க இதுக்காக இவ்வளவு தூரம் வரணுமா? ஒரு ஸ்பானர் குடுங்க, நானே பாத்துக்கறேன்” என்றார் அவர்.

அத்தை அவர் கையைப் பார்த்தாள். முடியிழை அளவுக்கு லென்ஸ் தேய்க்கிற கை. அதுவரை வேறு யாரிடமும் விடாத வேலையை அவரிடம் விட்டாள். “கடிகாரம் சுத்துற பக்கம்தான் திருப்பணும் சார். எதிர்ப்பக்கம் வேணாம். அப்பப்பத் திருப்பி விட்டுட்டே இருங்க” என்றாள். எந்தப் பக்கம் என்று சொன்னாள். எவ்வளவு என்று சொல்லவில்லை. அவளுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. மூச்சு விடுவது எப்படி என்று யாராவது சொல்வார்களா?

பச்சை வண்டி ஆறு வருடம் நிற்காமல் ஓடியது. நான் கல்லூரிக்குப் போய்க் கணிதத்தில் முதுகலைவரை படித்துப் பட்டம் வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு பக்கத்திலும் முதல் பட்டம். அப்பா அந்தச் சான்றிதழுக்குத் துணி உறை தைத்தார். வந்தவர்களிடம் அம்மா “அவ பேச்சே மாறிப்போச்சு” என்று பெருமையாகச் சொல்வாள். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், அதையே இன்னொரு தடவை சொல்வாள். அப்போது பெருமை இருக்காது. வேலைக்கு மனுப் போட்டுவிட்டு வீட்டில் இருந்த அந்த மாதங்களில் நான் பின்பக்கக் கொட்டகையில்தான் அதிகம் உட்கார்ந்திருந்தேன். அதே முகம், அதே கை, உள்ளே ஓடுவது மட்டும் வேறோ என்று எனக்கே சந்தேகமாக இருந்த காலம்.

“அத்தை, இஞ்சினை மாத்திட்டா அது அதே வண்டியா, வேற வண்டியா?”

“பதிவு ஆபீஸ்ல போயி கேளுடி. ரெண்டு நம்பரும் அவங்ககிட்டதான் இருக்கு.”

“நான் கேக்கறது அது இல்ல.”

“தெரியுது. அந்தத் துணியை எடு, உன் முழங்கை எல்லாம் கிரீஸ்.”

அந்த நாட்களில் ஒரு காலைப்பொழுதில்தான் பச்சை வண்டி மறுபடி எங்கள் பின்பக்கம் வந்தது. கயிறு இல்லை, பால் வேன் இல்லை. வந்தது தெரியாமல் வந்து நின்றது. கண்ணாடியம்மா இறங்கி, கும்பிடு கூடப் போடாமல், குற்றம் சொல்கிற குரலில் ஆரம்பித்தார்.

“மெக்கானிக்கம்மா, இது எங்கேயுமே நிக்க மாட்டேங்குது.”

“அதுக்குத்தானேம்மா மாத்தினோம்?”

“ஆமா. ஏறுறேன், தூங்குறேன், இறங்குறேன். ஆறு வருஷத்துல எத்தனை ஊருக்குப் போயிருக்கோம், ஒண்ணையாவது சொல்லச் சொல்லுங்க என்னை. ஒண்ணும் ஞாபகம் இல்ல. முன்னாடி ஒரு தடவை நின்னப்ப இவரு பாட்டிலைத் தூக்கிக்கிட்டுத் தண்ணி தேடிப் போனாரு. நான் ஒரு சின்னப் பாலத்துக் கட்டை மேல உக்காந்திருந்தேன். ஒரு லாரிக்காரர் நிறுத்தி ரெண்டு ஆரஞ்சு குடுத்துட்டுப் போனாரு. அந்தத் தோல் வாசனை இப்பவும் மூக்குல நிக்குது. அதெல்லாம் முப்பது வருஷத்துக்கு முந்தி. போன மாசம் எங்க போனோம்? ஏங்க, எங்க போனோம்?”

“ஏரிக்கு” என்றார் அவர்.

“ஏரிக்காம். பாருங்க.”

“அந்தச் சத்தத்துல பேசணும்னா கத்தணும்” என்றார் கண்ணாடிக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. “கத்தியாவது பேசினோம். இப்பச் சத்தமே இல்ல. பேசாமலே போயிட்டு வந்துடறோம்.”

அத்தை சிரித்த சிரிப்பில் அப்பா தையலை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தை சொன்னாள்: “பழசைக் கொண்டு வாங்க சார். சொன்னபடி வெச்சுத் தரேன்.”

மறுநாள் இஞ்சின் வந்தது. அதைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆறு வருடமும் லென்ஸ் துடைக்கிற துணியால் துடைத்திருக்கிறார். நம் முகம் தெரிந்தது. அத்தை இஞ்சினின் முன்பக்கம் குனிந்தவள் அப்படியே நின்றாள். ஸ்பானர் மாட்டித் திருப்புகிற சக்கரத்தில் பொட்டு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. அதற்கு நேரே இஞ்சினின் உடம்பில் இன்னொரு வெள்ளைப் புள்ளி.

“இது என்ன சார் புள்ளி?”

“அதுவா?” அவர் முகம் மலர்ந்தது. “தினமும் கடை தொறந்ததும் முதல் வேலை அதுதான். ஒரு சுத்து. புள்ளி புள்ளிக்கு நேரா வந்து நிக்கிற வரைக்கும். எடுத்த இடத்துலயே கொண்டுவந்து விட்டுருவேன். ஆறு வருஷத்துல ஒரு நாள் தவறினதில்ல, ஒரு முடி அளவு விலகினதில்ல.”

அத்தை ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. முழுச் சுற்று சுற்றினால் பிஸ்டன் கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்துவிடும். தினமும் ஒரு நிமிடம் நடமாட்டம், மீதி நேரம் முழுக்க அதே இடத்தில் நிற்பு. இரண்டாயிரம் நாள், ஒரே இடத்தில். அந்தக் கால் சுற்று கூடச் சேர்ந்திருந்தால் ஒவ்வொரு நாளும் வேறு இடத்தில் நின்றிருக்கும். இன்னும் கொஞ்சம் அலட்சியமான ஆளிடம் போயிருந்தால், ஏனோதானோவென்று திருப்பி விட்டிருப்பான். இஞ்சின் பிழைத்திருக்கும்.

மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது ஆறு சிலிண்டரின் உள்சுவரிலும் ஒரு மோதிரம் போலத் துரு படிந்திருந்தது.

“நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

“தப்பு என்னோடது சார். சுத்தணும்னு சொன்னேன், கூட ஒரு கால் சுத்து சேத்துக்கணும்னு சொல்லல. பாதியைச் சொல்லிட்டு மீதியை வாய்க்குள்ளயே வெச்சுக்கிட்டேன்.”

“உங்க தப்பும் இல்ல, அவரு தப்பும் இல்ல” என்றார் கண்ணாடியம்மா. “நாப்பது வருஷமா எடுத்த சாமானை எடுத்த இடத்துலயே வைங்க, வைங்கன்னு கத்தினவ நான்தான். கேக்கவே மாட்டேங்கறாரேன்னு நெனச்சேன். கேட்டிருக்காரு பாருங்க. எதுல கேட்டிருக்காரு பாருங்க!”

சிரித்தார். கூடவே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது, அந்தச் சத்தம் திரும்ப வராமலே போகலாம் என்று.

லேத் வைத்திருக்கும் கடைசல் பட்டறைக்காரரை வரவழைத்தார்கள். அவர் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லக்கா. ஆறையும் கொஞ்சம் பெருக்கிக் கடைஞ்சிட்டு, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டா முடிஞ்சது. ரெண்டு நாள் வேலை.”

“அப்ப இதுல இருக்கற பிஸ்டன்?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

“அது எதுக்கு சார் இனிமே? மேஜை மேல காகிதம் பறக்காம வெச்சுக்கலாம்.”

கண்ணாடிக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. அத்தையைப் பார்த்தார். அத்தை அந்த ஆறு ஓட்டைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைந்தால் வண்டி ஓடும். அதே மாதிரி சத்தம்கூட வரலாம். ஆனால் அவள் சொன்னது “அதே மாதிரி” இல்லை. அதே இஞ்சின் என்று சொன்னாள்.

“கையில தேய்ச்சுப் பாக்கறேன்” என்றாள்.

“கையிலயா? எவ்வளவு நாள்க்கா ஆகும்?”

“ஆகட்டும். நீ போயி உன் வேலையைப் பாரு.”

காலையில் முதல் டீ முடிந்ததும் ஒரு மணி நேரம். அப்புறம்தான் மற்ற வேலை. ஒரு குச்சியின் முனையில் மெல்லிய சாணைக்கல்லைத் துணியோடு சேர்த்துக் கட்டி, எண்ணெயில் தோய்த்து, துரு மோதிரத்தின் மேல் மட்டும் தேய்ப்பாள். சிலிண்டர் அகலமாகிவிடக் கூடாது. துரு மட்டும் போக வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, கட்டைவிரல் நகத்தைச் சுவரில் மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்ப்பாள். நகம் தட்டினால் இன்னும் வேலை இருக்கிறது. இதற்காக அந்த ஒரு விரலில் மட்டும் நகம் வளர்த்தாள்.

“இந்த வயசுல ஒத்தை விரலுக்கு அலங்காரமா அண்ணி?” என்று அம்மா கேலி செய்தாள்.

“பாலிஷ் வாங்கிக் குடேன், போட்டுக்கறேன்.”

முதல் சிலிண்டருக்கு ஒன்பது வாரம் ஆனது.

அந்த நாட்களில் முழங்கால் வலியோடு இஞ்சின் தூங்குகிற மற்றப் பத்து வீட்டுக்கும் மறுபடி நடந்தாள். திருப்புவதற்காக இல்லை, சொல்வதற்காக. தபால்காரர் வீட்டில் ரேடியோவை இறக்கி வைத்துவிட்டு, சாக்பீஸால் இஞ்சினிலேயே எழுதிவிட்டு வந்தாள்: ஒரு சுற்று, ஒரு கால். பல் டாக்டர், “இதை ஏன் இவ்வளவு நாளாச் சொல்லல?” என்று கேட்டாராம். “நான்தானே வந்துட்டிருந்தேன்” என்றாளாம் அத்தை.

கண்ணாடிக்காரர் வாரத்தில் ஒரு காலை வருவார். கடையில் வைத்திருக்கும் பெரிய பூதக்கண்ணாடியையும் சின்ன விளக்கையும் கொண்டுவந்து, அத்தையும் அவரும் தலையோடு தலை முட்ட சிலிண்டருக்குள் பார்ப்பார்கள். கண்ணாடியம்மா மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்கும் கொண்டுவருவார். முதல் சில வாரங்கள் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். வண்டி எங்கெங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, யார் வந்து தள்ளினார்கள் என்று. சூரியகாந்தி பூத்த ஒரு வயல் ஓரத்தில் நின்றபோது எல்லாப் பூவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேற்கே போனதாம். அத்தனை நேரம் நின்றார்களாம். “அப்படியெல்லாம் ஒரே நாள்ல திரும்பாது, பூத்தது கிழக்கேதான் பாக்கும்” என்பார் கண்ணாடிக்காரர். “நான் பாத்தேன்” என்பார் கண்ணாடியம்மா. அதற்கு ஒரு மணி நேரம் சண்டை. கல் தேய்கிற சத்தம் அதற்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும், தொலைவில் யாரோ நெல் புடைப்பது போல. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் வட்ட வட்டமாக விழுந்து, இஞ்சின் மேலிருந்து தரைக்கு, தரையிலிருந்து கண்ணாடியம்மாவின் மடிக்கு, மெதுவாக நகரும். அந்தக் காலைகளில் யாருக்கும் எங்கேயும் போக வேண்டியதில்லை. ஒரு நாள் கண்ணாடியம்மாவே சொன்னார்: “ரோட்டோரம் உக்காந்திருக்கற மாதிரியே இருக்குங்க. ஆரஞ்சு மட்டும்தான் இல்ல.”

அடுத்த வாரம் கண்ணாடிக்காரர் ஆரஞ்சு வாங்கி வந்தார்.

நான்காவது சிலிண்டர் நடந்துகொண்டிருந்தபோது எனக்கு வேறு ஊரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. மனிதர்கள் எத்தனை வருடம் இருப்பார்கள் என்று பெரிய அட்டவணைகளில் கணக்குப் போடுகிற வேலை. கிளம்பும் நாளில் அத்தை என் விரலைப் பிடித்து நான்காவது சிலிண்டரின் சுவரில் வைத்தாள்.

“தட்டுதா?”

“இல்ல.”

“எனக்குத் தட்டுது. உனக்கு நகம் சின்னது. இன்னும் ஒரு வாரம் ஆகும்.”

என் விரலைத் துணியால் துடைத்துவிட்டாள். நான் எதையோ கேட்க நினைத்துப் பேருந்து வந்துவிட்டதால் கேட்கவில்லை. இப்போது யோசித்தால், அது கேள்வியாகவே இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

ஒரு வாரம் ஆனதாம். நான்காவது முடிந்தது. முடிந்த அன்று அத்தை சாணைக்கல்லைக் கழுவிக் காயவைத்துவிட்டு, நாளைக்கு ஐந்தாவதைத் தொடங்கலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை டீயை வைத்துவிட்டு அம்மா கூப்பிட்டபோது அவள் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். அப்பா தொலைபேசியில் சொன்னபோது நான் ஒரு அட்டவணையில் ஐம்பத்தெட்டு என்ற வரியின் மேல் விரலை வைத்திருந்தேன். அத்தையின் வயது. அது தற்செயல். அதில் அர்த்தம் எதுவும் இல்லை என்று எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

காரியங்கள் எல்லாம் முடிந்தபிறகு கடைசல் பட்டறைக்காரர் வந்தார். அத்தையிடம் இருபது வருடப் பழக்கம் அவருக்கு. “மீதியை நான் முடிச்சுக் குடுக்கறேன், காசு வேணாம்” என்றார். ஆனால் அவருக்குக் கடையத்தான் தெரியும். இரண்டை மட்டும் கடைந்தால் நான்கு சின்னதும் இரண்டு பெரியதுமாக இஞ்சின் உதறும். கடைவதென்றால் ஆறையும் கடைய வேண்டும். அத்தை தேய்த்த நான்கும் போய்விடும்.

அன்று கண்ணாடிக்காரரும் கண்ணாடியம்மாவும் வந்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் நான்கு சிலிண்டரிலும் ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்தார். பூதக்கண்ணாடி கொண்டுவரவில்லை.

“வேணாம்பா” என்றார் பட்டறைக்காரரிடம். “இருக்கட்டும்.”

எனக்கு மனசு கேட்கவில்லை. சாணைக்கல், குச்சி, எண்ணெய் எல்லாம் அங்கேயே இருந்தன. எப்படிச் செய்தாள் என்று மாதக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவள் கொடுத்து, எங்கள் பொறுப்பில் விட்டுப்போன வார்த்தை அது. கண்ணாடியம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

“அம்மா, லீவு நாள்ல வந்து நான் தேய்ச்சுப் பாக்கட்டுமா? மெதுவாத்தான் ஆகும்...”

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஃபிளாஸ்க் காலடியில் இருந்தது.

“நீ எங்களுக்கு ஒண்ணும் சொல்லலையேம்மா. சொன்னது உங்க அத்தை. அதே இஞ்சின், அதே சத்தம்னு இந்த வாசல்ல நின்னு சொன்னாங்க. அவங்க எங்களுக்குக் கடன்காரியாவே இருக்கட்டும்.” ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்து டீயை ஊற்றினார். “அப்பத்தான் நாங்க வந்து உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கலாம்.”

கண்ணாடிக்காரர் ஏதோ சொல்ல வந்தார். “அந்தச் சூரியகாந்தி” என்று ஆரம்பித்தார். “நான் பாத்தேன்னு சொல்றேன்ல” என்றார் அவர் மனைவி.

பச்சை வண்டி இன்னும் புது இஞ்சினோடுதான் ஓடுகிறது, சத்தமில்லாமல். வாரத்தில் ஒரு காலை அது எங்கள் பின்பக்கம் வந்து நிற்கிறது. அத்தை கொடுத்த வார்த்தையில் ஆறில் நான்கு தீர்ந்திருக்கிறது. ஐந்தாவது சிலிண்டரும் ஆறாவது சிலிண்டரும் பாக்கி.